எழுத்து வருமுன்

1981இல் நான் எட்டாம் வகுப்பு. கணக்குப் பாடவேளை வந்துவிட்டால் ஓட்டுக்கூரைக்குக் கீழே வகுப்பே ஒரு ராகத்தில் எழும்: "ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர் ஈக்வல் டு ஏ ஸ்கொயர் பிளஸ் டூ ஏபி பிளஸ் பி ஸ்கொயர்." பண்ருட்டிப் பக்கத்தில் ஒரு தமிழ்வழிப் பள்ளி. வரலாறு, அறிவியல், புவியியல் எல்லாம் தமிழில்தான் படித்தோம். இந்த வரியை மட்டும் அப்படியே ஆங்கிலத்தில் ஒப்பித்தோம். ஆய்வுக்கு யார் வந்தாலும் எழுந்து நின்று இதைத்தான் சொல்வோம். தடுமாறாமல் சொன்னவள் கணக்கில் கெட்டிக்காரி. நடுவில் நிற்கும் அந்த 'டூ ஏபி' எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. கேட்கலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது.

எங்கள் கணக்கு வாத்தியாரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஒரு கரும்பலகை, கொஞ்சம் சாக்பீஸ், அறை கொள்ளாத பிள்ளைகள், ஆண்டுக்குள் முடித்தாக வேண்டிய புத்தகம். அவருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். "பக்கம் மாறினா குறி மாறும்" என்று பலகையைத் தட்டித் தட்டிச் சொல்வார். இந்தப் பக்கம் கூட்டலாக இருந்தது அந்தப் பக்கம் போனால் கழித்தல். பெருக்கல் போனால் வகுத்தல். நாங்களும் மாற்றினோம், விடையும் வந்தது. எக்ஸ் சமம் ஏழு. அது ஏழு ஆடா, ஏழு ரூபாயா, ஒரு பெண்ணின் வயதா? யாருக்கும் அந்தக் கவலை இல்லை. வகுப்பில் பலர் கணக்கைக் கைவிட்டது அந்த ஆண்டில்தான். எண்ணாக இருந்தவரை எப்படியோ பிடித்துக்கொண்டு வந்தவர்கள், எழுத்து வந்ததும் விட்டுவிட்டார்கள். பத்தாம் வகுப்பில் கணக்கு ஒன்றில் தவறி, அதோடு வீட்டில் நிறுத்தப்பட்டுக் கல்யாணமாகிப் போன தோழிகளின் முகம் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது.

அதே நாட்களில், மின்சாரம் போன இரவுகளில், திண்ணையில் பாட்டி கணக்குப் போடுவாள். ஒரு கிளிக்கூட்டம் பறந்து போகிறது. மரத்தில் ஒற்றையாக உட்கார்ந்திருந்த கிளி, நீங்கள் நூறு பேரா என்று கேட்கிறது. இல்லை, எங்களோடு எங்கள் அளவு இன்னொரு கூட்டம், எங்களில் பாதி, எங்களில் கால், அதற்குமேல் நீயும் சேர்ந்தால்தான் நூறு என்கிறது கூட்டம். எத்தனை கிளி?

பாட்டி பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் இல்லை. நாலு புளியங்கொட்டையை எடுத்துத் தரையில் வைப்பாள். "கூட்டம் நாலுன்னு வச்சுக்கடி. நாலும் நாலும் எட்டு. பாதி ரெண்டு, கால் ஒண்ணு. ஆகப் பதினொண்ணு. ஒத்தக்கிளி போக நமக்கு வேண்டியது தொண்ணூத்தொம்பது. அதுல எத்தன பதினொண்ணு இருக்கு?" ஒன்பது. அப்படியானால் நாலொன்பது முப்பத்தாறு கிளி. ஏன் பாட்டி நாலு என்று கேட்டால், "அஞ்சுன்னு வச்சா கால் கிளிய எங்கடி வெட்டுறது?" என்பாள்.

தெரியாத எண்ணுக்கு ஒரு மதிப்பை வைத்துப் பார்த்து, வந்த விடைக்கும் வரவேண்டிய விடைக்கும் உள்ள மடங்கைக் கண்டுபிடிக்கும் இந்த வழியை 1150 வாக்கில் பாஸ்கரர் எழுதிய லீலாவதியில் இஷ்டகர்மம் என்ற பெயரில் பார்க்கலாம். மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமையுள்ள எகிப்தியப் பாப்பிரஸ் சுருளிலும் இதே வழி இருக்கிறது. திண்ணையில் நாங்கள் போட்டி போட்டுக்கொண்டு விடை சொன்னோம். அதையே பள்ளிப் பலகையில் எக்ஸ் போட்டு எழுதியிருந்தால் நடுங்கியிருப்போம். வீட்டுக்கும் பள்ளிக்கும் நடந்து போகிற தூரம்தான். ஆனாலும் பாட்டியின் கணக்கு ஒருநாளும் பள்ளிக்கு வந்து சேரவில்லை.

இந்த இரண்டையும் இணைக்க முயன்றவர்கள் அப்போதே இருந்தார்கள். சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்த பி.கே. சீனிவாசன், எண்களின் ஒழுங்குகளைப் பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்க வைத்து, அந்தப் பாதையில் இயற்கணிதத்துக்கு அழைத்துப்போகலாம் என்று ஓயாமல் செய்து காட்டிக்கொண்டிருந்தார். 1968இல் ராமானுஜனின் கடிதங்களையும் அவரை அறிந்தவர்களின் நினைவுகளையும் தொகுத்து அந்தப் பள்ளியிலிருந்தே வெளியிட்டவர் அவர். 1993இல் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் அமைந்ததும் அவரால்தான். ஒரு பள்ளி ஆசிரியர் இத்தனை செய்த மாநிலத்தில்தான் நாங்கள் ராகம் போட்டுக்கொண்டிருந்தோம்.

தொண்ணூறுகளில் நானே கணக்கு ஆசிரியையாகி அரசுப் பள்ளிக்கு வந்தேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பிறகு சமச்சீர் கல்வி வந்தது. அந்தப் பத்தாம் வகுப்பு வினாத்தாளில் வரைபடத்துக்குப் பத்து, செய்முறை வடிவியலுக்குப் பத்து என இருபது மதிப்பெண். தேர்ச்சிக்கு வேண்டியது முப்பத்தைந்து. ஆகவே மெல்லக் கற்போர் என்று பட்டியலிட்ட பிள்ளைகளுக்கு மாலை வகுப்பில் இந்த இரண்டும்தான் பயிற்சி. பரவளையம் எந்தப் புள்ளிகள் வழியாகப் போகும் என்பதைப் பிள்ளைகள் கைப்பழக்கமாகவே கற்றார்கள். சமன்பாடு எதைச் சொல்கிறது என்று தெரியாமலே அழகான வளைகோடு வரைவார்கள். அந்தத் தேர்ச்சியை நான் மலிவாக நினைக்கவில்லை. என் தோழிகளுக்கு அது கிடைத்திருந்தால் அவர்கள் வாழ்க்கை வேறு. ஆனால் கோடு வரைந்த பிள்ளைக்கு, தான் வரைந்தது என்ன என்று தெரிந்துகொள்ளும் உரிமையும் உண்டு.

தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005க்காகக் கணிதக் கல்வி பற்றி எழுதப்பட்ட நிலைப்பாட்டு அறிக்கையின் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் அப்போது சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் இருந்த ஆர். ராமானுஜம். பெரும்பாலான குழந்தைகளுக்குக் கணக்கு என்றாலே அச்சமும் தோல்வியுணர்வும் இருப்பதை அந்த அறிக்கை முதல் சிக்கலாக வைத்தது. பிள்ளை சோம்பேறி, பிள்ளைக்கு மூளை போதாது என்று பேசிப் பழகிய எங்கள் ஆசிரியர் அறைகளில் அது உரக்கப் படிக்கப்பட வேண்டிய ஒன்று.

இப்போது நிலைமை வேறு. 2018இல் வரத்தொடங்கிய புதிய புத்தகங்களில் ஆறாம் வகுப்பு இயற்கணிதத்தில் தீக்குச்சி அமைப்புகள் வருகின்றன. பள்ளியில் உயர்தொழில்நுட்ப ஆய்வகம் இருக்கிறது. ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் ஒரு எண்ணை நகர்த்தினால் வளைகோடு மேலும் கீழும் போவதைப் பிள்ளை தன் விரலால் பார்க்கிறது. இதெல்லாம் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. திரையில் கோடு அசைந்த அன்று, "கடைசி எண்ண மாத்தினா மொத்தமா ஏறி இறங்குது மிஸ்" என்று ஒரு பெண் கத்தினாள். பழைய மாலை வகுப்புகளில் நூறு வரைபடம் போட்டாலும் அந்தச் சொல் வந்திருக்காது.

ஆனால் 'ஆர்வமூட்டுவது' என்ற பெயரில் வருகிற எல்லாவற்றையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு காணொளியில் 'ஏ' என்றால் ஆப்பிள், 'பி' என்றால் பனானா. மூன்று ஏ கூட்டல் இரண்டு பி என்றால் மூன்று ஆப்பிளும் இரண்டு வாழைப்பழமும். பாட்டு, வண்ணம், பழங்களுக்குக் கைகால். பிள்ளைகள் ரசித்தார்கள். முடிந்ததும் ஒரு பையன் எழுந்து, "அப்ப ஏபி-ன்னா என்ன மிஸ்? ஆப்பிளையும் வாழப்பழத்தையும் எப்படிப் பெருக்குறது?" என்றான். அவன் கேட்டதுதான் சரி. எழுத்து பொருளைக் குறிப்பதில்லை, எண்ணைக் குறிக்கிறது. பழக்கணக்கில் பழகிய பிள்ளை பெருக்கல் வந்ததும் திகைத்து நிற்கிறது, பிறகு தன்னையே நொந்துகொள்கிறது. இந்தப் பழத் தந்திரம் என் சிறுவயதில் சாக்பீஸால் வந்தது. இன்று அசைபடமாக வருகிறது. வேகத்துக்குப் புள்ளி தரும் கைப்பேசி விளையாட்டுகளும் அப்படித்தான். முன்பே தெரிந்த பிள்ளை மேலே போகிறது, யோசிக்க நேரம் வேண்டிய பிள்ளை பட்டியலின் அடியில் தன் பெயரைப் பார்க்கிறது.

பாடம் வேடிக்கையாக இருந்தால் போதும் என்று நான் நம்பவில்லை. எழுத்து இல்லாமல் முடியாது என்ற இடத்துக்குப் பிள்ளை முதலில் வந்து சேர வேண்டும். அந்த இடத்தை உண்டாக்குவதுதான் என் வேலை என்று நினைக்கிறேன்.

தீக்குச்சிப் பாடத்தை அப்படித்தான் நடத்துகிறேன். ஒரு சதுரத்துக்கு நாலு குச்சி. ஒட்டி இன்னொரு சதுரம், ஏழு. மூன்றுக்குப் பத்து. பத்துச் சதுரம் வரை அடுக்கி எண்ணிவிடுவார்கள். நூறு சதுரம் என்றால்? குச்சி இல்லை, தரையும் இல்லை. அங்கேதான் பேச்சு தொடங்கும். ஒரு கூட்டம், "மொதல்ல ஒரு குச்சி, அப்புறம் மூணு மூணா" என்றது. இன்னொன்று, "மொத சதுரத்துக்கு நாலு, மத்ததுக்கெல்லாம் மூணு" என்றது. பின் வரிசையில் வாய் திறக்காத பையன் ஒருவன், அப்பாவோடு முந்திரித் தோப்புகளுக்கு வேலி போடப் போகிறவன், மெல்லச் சொன்னான்: "மேல படுத்தது நூறு, கீழ படுத்தது நூறு, நிக்கிறது நூத்தியொண்ணு மிஸ். வேலிக்கு எப்பவும் ஒரு கல்லு கூட வேணும்." வகுப்பு அவனைத் திரும்பிப் பார்த்தது. நான்காவதாக ஒரு பெண்: "ஒவ்வொண்ணுக்கும் நாலுன்னு வச்சு, ரெண்டு சதுரத்துக்கும் பொதுவான குச்சியக் கழிச்சிட்டா?"

சதுரங்களின் எண்ணிக்கைக்கு 'ம' என்று வைத்தோம். சதுரத்துக்குச் 'ச' வேண்டாம் என்று நானே தடுத்தேன், பழக்கணக்கின் பயம்தான். இப்போது பலகையில் நான்கு வரிகள்: 1 + 3ம. 4 + 3(ம − 1). ம + ம + (ம + 1). 4ம − (ம − 1). நான்கும் ஒன்றா, வேறா? எண் போட்டுப் பார்த்தால் ஒன்றாகத்தான் வருகிறது. அப்படியானால் பார்வைக்கு ஏன் வேறாக இருக்கின்றன? அடைப்பைப் பிரித்துச் சுருக்கும் வேலை அங்கே தண்டனையாக இல்லை. தங்கள் கூட்டத்தின் வரி சரி என்று நிரூபிக்க அவர்களுக்கே அது தேவைப்பட்டது. கடைசி வரியில் பெரிய சண்டை. அடைப்புக்கு முன் கழித்தல் இருந்தால் உள்ளே இருக்கும் கழித்தல் ஏன் கூட்டலாகிறது? பத்துச் சதுரத்துக்கு நாற்பதில் ஒன்பது கழிக்க வேண்டும். பத்தைக் கழித்தால் ஒன்று அதிகமாகக் கழித்துவிட்டோம், அந்த ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். "அதான் பிளஸ் ஒண்ணு" என்றாள் அந்தப் பெண். நான் பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை எனக்குச் சொல்லப்படாத காரணம் அது.

மாதக் காலண்டர் இன்னொரு நல்ல துணை. எந்த மாதத்திலும் நான்கு தேதிகளைச் சதுரமாக வளைத்துக்கொள்ளுங்கள்: 9, 10, அவற்றின் கீழே 16, 17. மூலைக்கு மூலை பெருக்கினால் ஒன்பது பதினேழு 153. பத்துப் பதினாறு 160. வித்தியாசம் 7. வேறு இடத்தில் வளைத்தாலும் 7. பெருக்கலே பிடிக்காத பிள்ளைகள்கூடப் பொய்யாக்கியே தீருவோம் என்று பன்னிரண்டு மாதத்தையும் பெருக்கிப் பார்த்தார்கள். முடியவில்லை. 'எப்பவுமேவா?' என்ற கேள்வி அங்கே தானாக எழுகிறது. எத்தனை முறை பெருக்கினாலும் அதற்குப் பதில் கிடைக்காது. மூலையில் ம என்று வையுங்கள். பக்கத்தில் ம + 1, கீழே ம + 7, ம + 8. ஒரு பெருக்கல் ம² + 8ம. மற்றது ம² + 8ம + 7. ம எதுவானாலும் ஏழு. இத்தனை நாள் தண்டனையாக இருந்த எழுத்து, அன்றைக்கு ஒரு நொடியில் எல்லா மாதத்தையும் முடித்துவைத்தது.

"வாரத்துக்கு ஏழு நாளுங்கறதாலயா மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. ஒன்று முதல் நூறு வரை பத்துப் பத்தாக எழுதிய அட்டையை எடுத்துக் கொடுத்தேன். வித்தியாசம் பத்து வந்தது. ஐந்து ஐந்தாக எழுதினார்கள், ஐந்து. வரிசையின் அகலத்துக்கும் ஓர் எழுத்து வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள். 'வ' என்று வைத்தோம். இரண்டாவது எழுத்து பயமுறுத்தாமல் வகுப்புக்குள் வந்ததை நான் பார்த்தது அன்றுதான். பாஸ்கரரின் பீஜகணிதத்தில் அடுத்தடுத்த தெரியாத எண்களுக்குக் கறுப்பு, நீலம், மஞ்சள் என நிறங்களின் பெயர் வைப்பார்கள் என்று சொன்னேன். மறுநாள் மூன்று நிற சாக்பீஸ் மேசையில் இருந்தது.

'டூ ஏபி'க்கும் ஒருவழியாக விடை சொல்கிறேன். அட்டையில் பெரிய சதுரம், பக்கம் ஏ கூட்டல் பி. உள்ளே ஏ சதுரத்தையும் பி சதுரத்தையும் எதிரெதிர் மூலையில் வைத்தால் இரண்டு காலியிடம் மிஞ்சும். இரண்டும் ஒரே அளவுச் செவ்வகம். அதை வெட்டி நிரப்பிய பிள்ளை பிறகு ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர் என்று எழுதி நிறுத்துவது அரிது. யூக்ளிடின் இரண்டாம் புத்தகத்தில் இருக்கும் படம்தான் இது. இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டாக இருக்கும் படம் எங்கள் வகுப்புக்கு வர ஓர் அட்டையும் கத்தரிக்கோலும் போதுமாக இருந்தது.

'பக்கம் மாறினால் குறி மாறும்' என்பதற்குப் புத்தகத்தில் தராசுப் படம் இருக்கிறது. நல்ல படம். ஆனால் இன்றைய பிள்ளை காய்கறிக் கடையில் பார்ப்பது எண் ஒளிரும் மின்னணுத் தராசு. இரண்டு தட்டு, படிக்கல், முள் நடுவில் நிற்பது எதையும் அது பார்த்ததில்லை. எங்கள் காலத்தில் சந்தை முழுக்கத் தராசு இருந்தது, பாடத்தில் இல்லை. இப்போது பாடத்தில் இருக்கிறது, சந்தையில் இல்லை. கொட்டாங்கச்சி இரண்டைக் கயிற்றில் கட்டி வகுப்பிலேயே செய்துகொண்டோம். இதற்கு அவசியம் இருக்கிறது: 8 + 4 = ▢ + 5 என்று எழுதிக் கொடுத்தால் எட்டாம் வகுப்பிலும் கட்டத்துக்குள் 12 என்று எழுதுகிறவர்கள் உண்டு, 17 என்பவர்களும் உண்டு. அவர்களுக்குச் சமக்குறி என்றால் 'விடை இதோ' என்று அர்த்தம். இரண்டு பக்கமும் ஒரே எடை என்று யாரும் காட்டவில்லை. இயற்கணிதம் பிடிக்கவில்லை என்று நாம் நினைக்கும் பிள்ளை பல நேரம் இந்தச் சமக்குறியில் நிற்கிறது, அல்லது பின்னத்தில், அல்லது குறை எண்ணில். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்த பிறகு இது இன்னும் கூடியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எந்தப் பாட்டு போட்டாலும் பலனில்லை.

எங்கள் ஊருக்கே உரிய பாடம் ஒன்று உண்டு. காரி நாயனாரின் கணக்கதிகாரத்தில், பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ணுவதற்கு ஒரு வழி இருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறுமுட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். இயற்கணித மொழியில் ஒரே வரி. ஜூனில் பள்ளி திறக்கும்போது பண்ருட்டியில் பலா இருக்கும். பழத்தை மேசையில் வைத்து முள்ளை எண்ணிக் கணக்கிட்டு, பிறகு அறுத்து எண்ணினோம். பொருந்தவில்லை. வீட்டில் அறுத்த பழங்களின் எண்ணையும் எழுதிவரச் சொன்னேன். சில கிட்டத்தில், சில வெகுதூரம். புள்ளிகளை வரைபடத்தாளில் வைத்தோம். மகரந்தம் சேர்ந்த பூதான் சுளையாகும், சேராதது சக்கையாக நின்றுவிடும் என்று அறிவியல் ஆசிரியர் வந்து சொன்னார். முள்ளை எண்ணும் இடம் தவறா, பழத்தின் இரகம் வேறா, பழைய கணக்கே தோராயமா என்று பிள்ளைகள் நாள்கணக்கில் வாதாடினார்கள். அந்த வாதம் எனக்குப் பெரிய செல்வம். சூத்திரம் என்பது ஒப்பிக்க மட்டுமல்ல, சோதித்துப் பார்க்கவும் உரியது என்று என் பள்ளிக்காலத்தில் ஒருவரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

இப்படி நடத்தினால் பாடம் மெதுவாகத்தான் போகும். தீக்குச்சிக்கே ஒரு வாரம் ஆகிறது. அடுத்த அறையில் அதே வாரத்தில் ஒரு பயிற்சியே முடிந்திருக்கும். தேர்வு நெருங்கினால் தலைமையாசிரியருக்கும் எனக்கும் இது பற்றிப் பேச்சு வரும், அவர் கவலையும் நியாயமானதே. நான் கேட்பது ஒன்றுதான்: ஏழாம், எட்டாம் வகுப்பில் இயற்கணிதத்துக்கு ஒதுக்கும் பாடவேளையை இரட்டிப்பாக்குங்கள், தொடக்கத்தில் சில வாரம் எழுத்தே இல்லாமல் எண்ணையும் அமைப்பையும் மட்டும் பேச விடுங்கள். பத்தாம் வகுப்பு மாலைப் பயிற்சியில் செலவாகும் மணிநேரத்தில் ஒரு பங்கை அங்கே முன்கூட்டியே கொடுத்தால் போதும்.

வேலி போடும் பையன் இப்போது பின் வரிசையில் உட்காருவதில்லை. போன வாரம், இடைவெளி 'ம' என்றால் கல் 'ம + 1' என்று அவன் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் குறுக்கிட்டாள்: "நேர் வேலிக்குச் சரி. கெணத்தச் சுத்திப் போட்டா?" அவன் சாக்பீஸைக் கீழே வைக்காமல் கொஞ்சநேரம் நின்றான். வட்டம் போட்டுப் புள்ளி வைத்து எண்ணினான். கல்லும் இடைவெளியும் ஒன்றாகவே வந்தன. "அப்ப அந்த ஒண்ணு எங்க போச்சு?" என்று வகுப்பையே கேட்டான். மணி அடித்துவிட்டது. திங்கட்கிழமை முதல் பாடவேளையில் அதைத்தான் எடுக்கப்போகிறோம்.